மேசை விளக்கின் கை

சேலையூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்யாண வீடியோ எடுப்பவர். கேமராவைச் சாயாமல் பிடிக்கும் கிம்பல் ஒன்றைத் தவணையில் வாங்கினாராம். "மாப்பிள்ளை அழைப்பைப் பின்பக்கமாக நடந்தபடி எடுத்தேன். படம் சாயவே இல்லை. ஆனால் மாப்பிள்ளை மட்டும் தவளை மாதிரி எம்பி எம்பி வருகிறார். கிம்பலில் கோளாறா?"

கோளாறு இல்லை. கையில் பிடித்த கேமரா இரண்டு விதமாக ஆடும். திரும்புவதும் சாய்வதும் ஒரு விதம். அப்படியே மேலும் கீழும் இடம் பெயர்வது இன்னொரு விதம். கிம்பலின் மூன்று மோட்டார்களும் முதல் ஆட்டத்தைத்தான் அடக்கும். நடக்கும்போது உடம்பு அடிக்கு அடி ஏறி இறங்குகிறதே, அது அவற்றின் கணக்கிலேயே வராது.

எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்த காலத்தில், அம்மா நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வரை வருவார். ஒரு சொட்டுத் தளும்பாது. முழங்காலும் இடுப்பும் வளைந்த கையும் சேர்ந்து ஒவ்வோர் அடியின் அதிர்வையும் வாங்கிக்கொள்ளும். நான் தூக்கினால் பாதித் தண்ணீர் என் சட்டையில் இருக்கும். அம்மாவின் அந்த இடுப்பைக் கேமராவுக்காக உலோகத்தில் செய்தால் அதுதான் ஸ்டெடிகாம்.

செய்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த காரெட் பிரவுன். 1970களில் தன் தோழியை அந்த ஊர்க் கலை அருங்காட்சியகப் படிகளில் ஏறி இறங்கி ஓடச் சொல்லி, பின்னாலேயே ஓடிச் சோதனைப் படம் எடுத்தார். அதைப் பார்த்த இயக்குநர் ஜான் அவில்ட்சன், 1976இல் வந்த 'ராக்கி'யில் கதாநாயகனை அதே படிகளில் ஓடவிட்டார். 1978இல் ஸ்டெடிகாமுக்கு ஆஸ்கர் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

உடம்பில் மாட்டும் வெஸ்ட், கேமரா நிற்கும் கம்பம், இரண்டையும் இணைக்கும் கை. உறுப்புகள் இவ்வளவுதான். கம்பத்தின் உச்சியில் கேமராவும் அடியில் பேட்டரியும் மானிட்டரும் இருக்கும். எடையை இப்படித் தள்ளித் தள்ளி வைத்தால் கம்பம் சட்டென்று திரும்பாது. கழைக்கூத்தாடி நீளக் கழியைக் குறுக்கே பிடிப்பதும் இதற்காகத்தான். அடிப்பக்கம் ஒரு துளி கனமாக இருந்தால் போதும். கம்பத்தைப் படுக்கையாகப் பிடித்து விட்டுப் பாருங்கள்; நிமிர்ந்து தொங்க இரண்டு மூன்று விநாடி ஆக வேண்டும். பட்டென்று நிமிர்ந்தால், நீங்கள் நிற்கும்போதெல்லாம் அது கடிகார ஊசல் மாதிரி ஆடும்.

எனக்குப் பித்துப் பிடித்தது கையின் மீதுதான். அதன் சட்டம் ஓர் இணைகரம். பழைய மளிகைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த மேசைத் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். ஏறினாலும் இறங்கினாலும் தட்டு சாயாது. வெல்லக்கட்டியைத் தட்டின் ஓரத்தில் வைத்தாலும் எடை மாறாது. தட்டுக்கு அடியில் மறைந்திருக்கும் இணைகரம் செய்கிற வேலை அது. ரோபர்வால் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1669இல் சொன்ன யுக்தி.

சாயாமல் பார்த்துக்கொள்வது சட்டம். பாரத்தைத் தூக்குவது ஸ்பிரிங். வில்லங்கமும் அங்கேதான். இழுக்க இழுக்க ஸ்பிரிங் முரண்டு பிடிக்கும். கேமராவின் எடையோ எந்த உயரத்திலும் ஒன்றே. வெறுமனே ஸ்பிரிங்கில் தொங்கவிட்டால், தூளியில் போட்ட குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருக்கும். நமக்கு வேண்டியது, எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கும் கை.

அப்படி நிற்கும் ஒரு மேசை விளக்கை இங்கிலாந்தில் கார் சஸ்பென்ஷன் பொறியாளரான ஜார்ஜ் கார்வர்டைன் 1932இல் வடிவமைத்தார். ஆங்கிள்பாய்ஸ் என்று பெயர். ஸ்டெடிகாமின் கை அந்த விளக்குக்கு உறவுதான். ஸ்பிரிங்கை இணைகரத்தின் மூலைவிட்டமாக மாட்டுங்கள். கை இறங்க இறங்க ஸ்பிரிங் நீண்டு இழுவை கூடும். கூடவே அது இழுக்கும் கோணம் மோசமாகிக்கொண்டே வரும். ஒன்றில் வந்த லாபம் மற்றதில் போய்விடுவதால், தூக்கும் விசை மாறாமல் நிற்கும். கனமான கேமரா என்றால் ஸ்பிரிங்கின் மேல்முனையைத் திருகு வைத்துச் சற்று உயர்த்தினால் போதும்.

கணக்கு பைசா சுத்தமாகக் கழிய ஒரு நிபந்தனை உண்டு. இழுக்காதபோது ஸ்பிரிங்கின் நீளம் பூஜ்யமாக இருக்க வேண்டும்! சிரிக்காதீர்கள். டெக்சாஸில் லூசியன் லாகோஸ்ட் 1930களில் அப்படி நடந்துகொள்ளும் ஸ்பிரிங்கைச் செய்து, பூமியின் ஈர்ப்பை அளக்கும் கருவியில் வைத்தார். கையை நாமே செய்வதென்றால் ஒரு குறுக்கு வழியில் போகலாம். ஸ்பிரிங்கை இணைகரத்துக்கு வெளியே வைத்துவிட்டு, சைக்கிள் பிரேக் வயரைச் சின்னக் கப்பி வழியாக மூலைவிட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். மூலைவிட்டத்தில் இப்போது இருப்பது இழுபட்ட நீளம் மட்டுமே.

சாமான்களுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் இழுத்து மார்பை விரிக்கும் உடற்பயிற்சி ஸ்பிரிங், அலுமினியச் சதுரக் குழாய், ஸ்கேட்டிங் சக்கரத்துக்குள் இருக்கும் 8 மி.மீ. துளையுள்ள பேரிங். துளைகளை மட்டும் பட்டறையில் கொடுத்துப் போடுங்கள். அவை இணையாக இல்லாவிட்டால் கை சிக்கிச் சிக்கி நகரும். என் முதல் கையில் கொக்கி தெறித்து, சுவர்க் காலண்டரில் இருந்த முருகனைக் கிழித்தது. என் கண் தப்பியது அவன் அருள். ஸ்பிரிங்குக்குள் ஒரு கயிற்றை ஓட்டி இரு முனையிலும் கட்டுங்கள். கண்ணாடி போடாமல் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

வாங்குவதில் காட்டும் அவசரத்தில் கால்வாசியை நாம் பிரித்துப் பார்ப்பதில் காட்டுவதில்லை. சந்தையில் கிலோ கணக்கில் எடை போட்டு விற்கும் இரும்புக்குள் ஒரு பொறியியல் பாடமே கிடக்கிறது. பொறியியல் படித்த பிள்ளைகளோ சந்தை நெரிசலைத் திட்டிக்கொண்டே பக்கத்துச் சாலையில் கடந்து போகிறார்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கை கிடைத்துவிட்டது என்று முகூர்த்தம் முழுக்க மிதக்காதீர்கள். தாலி ஏறும் நேரத்திலாவது கேமரா ஓரிடத்தில் நிற்கட்டும். முன்வரிசைப் பாட்டிக்கு உங்கள் முதுகுதான் தெரிகிறது.

சேலையூர் நண்பரே, நீங்கள் கம்பமும் செய்ய வேண்டாம். வாங்கிய கிம்பலையே கையின் நுனியில் நிறுத்தலாம். ஆனால் முதல் நாளே வேண்டாம். கிம்பலும் கேமராவும் சேர்ந்த எடைக்கு அரிசியை ஒரு மஞ்சள் பையில் கட்டித் தொங்கவிட்டு, மொட்டை மாடியில் நடந்து பாருங்கள். விழுந்தால் அரிசியோடு போகும்.