காட்டுப் படிப்புக்கு ஒரு கணக்கு

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் மகளுக்கு இடம் கிடைத்த ராத்திரி, பால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருவரும் கணக்குப் போட்டோம். விடுதி, சாப்பாடு சேர்த்து வருஷத்துக்கு 1 லட்சம். நாலு வருஷத்துக்கு 4 லட்சம் கடன். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். படிக்கும்போதும் அதன்பின் ஓராண்டும் தவணை கிடையாது. ஆனால் வட்டி நிற்காது. தனிவட்டியாகவே 1.40 லட்சம் ஏறிவிடும். மொத்தம் 5.40 லட்சத்தைப் பத்து வருஷத்தில் அடைக்க மாதம் சுமார் 7,100 ரூபாய். வட்டியை மாதாமாதம் கட்டிவந்தால் தவணை 5,300தான்.

வருமானத்தைச் சொல்வதுதான் கஷ்டம். இந்திய வனப்பணியில் தொடக்க அடிப்படைச் சம்பளமே 56,100. ஆனால் அந்தத் தேர்வுக்கு வேளாண்மை, பொறியியல் படித்தவர்களும் வருவார்கள். "அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது கண்ணு" என்றேன்.

"சரிம்மா, ஒப்பந்த வேலைன்னே வெச்சுக்கலாம். 20,000."

அதில் 7,100 போனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போச்சு. 5,300 என்றால் அவள் மூச்சு விடலாம். மரத்தின் பட்டையைத் தொட்டே பேர் சொல்லும் பிள்ளை. வேறு படிப்புக்குத் திருப்ப எனக்கு மனசில்லை.

இந்த வருஷம் வட்டி மாதம் 833. பால் பணத்தில் கட்டுகிறேன். நாலாம் வருஷம் அது 3,333 ஆகும். அதற்குள் இன்னொரு மாடு பிடிக்கவேண்டும்.