கம்பியில்லா வலையமைப்பு: பல அணுகற்புள்ளிகள், ஒரே கட்டுப்பாடு

மாணவர்களே, வீட்டிலுள்ள வைபை கருவியின் கடவுச்சொல்லை இரண்டு நிமிடத்தில் மாற்றிவிடலாம். பல கட்டடங்கள் கொண்ட ஓரிடத்தில் இது எப்படி நடக்கிறது என எண்ணிப் பார்த்ததுண்டா?

வவுனியாவிலிருந்து ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கு வருவோர் நகருக்குச் சற்று முன்னதாக அறிவியல்நகரைக் கடப்பர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் 2014 இல் இங்கு ஆரம்பிக்கப்பட்டது. விவசாய பீடமும் தொழினுட்ப பீடமும் இங்கேயே அமைந்துள்ளன. விரிவுரை மண்டபங்கள், ஆய்வுகூடங்கள், நூலகம் எனப் பரந்த இத்தகைய வளாகத்துக்கு ஓர் அணுகற்புள்ளி போதாது. கொங்கிறீற்றுச் சுவர்கள் சமிக்ஞையை நலிவடையச் செய்யும். ஒரே புள்ளியில் பலர் இணைந்தால் வேகமும் அவர்களுக்கிடையே பங்கிடப்பட்டுக் குறையும்.

இவ்வாறான வளாகமொன்றில் 40 அணுகற்புள்ளிகள் தனித்தனியே இயங்குவதாகக் கொள்வோம். கடவுச்சொல் வெளியாகிவிட்டால் 40 கருவிகளிலும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். நடைமுறையில் யாரும் மாற்றுவதில்லை. படிப்பை முடித்துச் சென்றவரிடமும் அதே கடவுச்சொல் இருக்கும். அலுவலகக் கணினிகளும் அதே வலையமைப்பில் இருந்தால் புள்ளிப் பதிவேடுகளின் பாதுகாப்பு என்னவாகும்?

அடுத்த சிக்கல் அலைவரிசை. 2.4 கிகாஹேட்ஸ் மீடிறன் பட்டையில் அடுத்தடுத்த அலைவரிசைகளின் இடைவெளி 5 மெகாஹேட்ஸ் மட்டுமே. சமிக்ஞையோ ஏறத்தாழ 20 மெகாஹேட்ஸ் அகலமானது. எனவே 1, 6, 11 ஆகிய மூன்றையே ஒன்றோடொன்று மோதாமல் பயன்படுத்தலாம். அயலிலுள்ள இரு புள்ளிகள் ஒரே அலைவரிசையைப் பிடித்தால் இரண்டுமே மந்தமாகும்.

இவற்றுக்குத் தீர்வாக அமைவதே மையக் கட்டுப்படுத்தி. அணுகற்புள்ளி மின்னைப் பெற்றவுடன் கட்டுப்படுத்தியைத் தேடிக் கண்டு, தனக்குரிய வலையமைப்புப் பெயர், குறியாக்க முறை, அலைவரிசை என்பவற்றைப் பெற்றுக்கொள்ளும். இவ்வுரையாடலுக்கான கப்வப் எனும் நியமம் 2009 இல் வெளியானது. நிருவாகி ஓரிடத்திலிருந்து மாற்றினால் 40 புள்ளிகளும் மாறும். ஒரு புள்ளி செயலிழந்தால் அதுவும் திரையில் தெரியும். மாணவர் வந்து முறையிடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இங்கே பலர் பிழைவிடும் இடம் ஒன்றுண்டு. கட்டுப்படுத்தி இணையத்தை வழங்குவதில்லை. வளாகத்தை இணையத்துடன் தொடுப்பது வழிச்செலுத்தியே.

கட்டுப்படுத்தி பழுதடைந்தால் எல்லாம் நின்றுவிடுமா? அது அமைப்பைப் பொறுத்தது. தரவு முழுவதும் கட்டுப்படுத்தியூடாகச் செல்லும் அமைப்பாயின் நின்றுவிடும். அணுகற்புள்ளி தரவை நேரடியாக ஆளிக்கு அனுப்பும் அமைப்பாயின் ஏற்கெனவே இணைந்தோர் தொடர்ந்து பயன்படுத்தலாம். அமைப்புகளை மாற்றுவது மட்டும் இயலாது. மின்தடை ஏற்படும் இடங்களில் கட்டுப்படுத்தியையும் ஆளியையும் தடையிலா மின்வழங்கியுடன் இணைப்பது அவசியம். அணுகற்புள்ளிகள் வலையமைப்பு வடத்தினூடாகவே ஆளியிடமிருந்து மின்பெறுமாயின், ஆளியைக் காத்தால் அவையும் காக்கப்படும்.

கடவுச்சொல்லை விரைவாக மாற்ற முடிந்தாலும், எல்லோருக்கும் பொதுவான ஒரு கடவுச்சொல் என்பதே பலவீனம்தான். ஆகவே பெரிய நிறுவனங்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரை வழங்குகின்றன. 2003 இல் ஐரோப்பாவில் தொடங்கிய எடுரோம் இதன் விரிந்த வடிவம். இலங்கையில் இதனை லேர்ன் எனப்படும் லங்கா கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு நடத்துகிறது. இதில் இணைந்த பல்கலைக்கழகமொன்றின் மாணவர், இணைந்துள்ள வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும் தன் பயனர் பெயராலேயே இணையலாம். அங்குள்ள சேவையகம் பெயரின் பிற்பகுதியைப் பார்த்து, கோரிக்கையைத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பும். அங்கிருந்து அனுமதி அல்லது மறுப்பு என்ற விடை மட்டுமே திரும்பி வரும். முறையாக அமைக்கப்பட்டிருந்தால் கடவுச்சொல் இடையிலுள்ள எவருக்கும் தெரியாது. மாணவர் விலகியதும் தாய் நிறுவனம் அவரது கணக்கை நீக்கினால், அதன்பின் அப்பெயரால் எந்த வளாகத்திலும் புதிதாக இணைய முடியாது.