மெஷின் ஓடினால் யாருக்கும் நினைவிருக்காது

கோயமுத்தூரில் 1888-ல் முதல் பஞ்சாலை தொடங்கிய காலத்திலிருந்தே எங்கள் பக்கத்தில் மில்லுக்குப் போகும் ஆள் இல்லாத தெரு குறைவு. "உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலைங்க?" என்று கேட்பவர்களிடம் ஸ்பின்னிங் என்றோ வைண்டிங் என்றோ சொன்னால் உடனே புரியும். "மெயின்டெனன்ஸ் பிட்டர்" என்று நான் சொன்னால், "ஓ, ரிப்பேர் வேலையா!" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

ரிப்பேர் மட்டுமல்ல, சகோதரிகளே. நூல் நூற்கும் ரிங் பிரேமில் ஸ்பிண்டில்கள் நிமிஷத்துக்குப் பதினைந்தாயிரம் சுற்றுக்கு மேல்கூடச் சுற்றுகின்றன. அதற்கு எண்ணெய் மாற்ற வேண்டும். சத்தத்தைக் கேட்டே 'இந்த பேரிங் ஒரு வாரம் தாங்காது' என்று கண்டுபிடிக்க வேண்டும். நாடா தளர்ந்தால் நூலில் முறுக்கு குறையும், நூல் அறும். எல்லாம் சரியாக ஓடினால் பேர் புரொடக்ஷன்காரர்களுக்கு. நின்றால் ஏச்சு இவர்களுக்கு. நம் சமையல் மாதிரிதான். உப்பு கூடினால்தான் நம் பேர் அடிபடும்!

பொங்கலுக்கு மில் மூடினால் ஊருக்கெல்லாம் லீவு. என் கணவருக்கு அன்றுதான் வேலை அதிகம். ஓடுகிற மெஷினைப் பிரிக்க முடியாதே! நடுராத்திரியிலும் போன் வரும். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் பிட்டர் படித்து, அப்ரண்டிஸ் முடித்து, இருபத்து மூன்று வருஷ சர்வீஸ் ஆன பிறகு சம்பளம் 24,000 ரூபாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அவர் போகிற நேரத்தையும் வருகிற நேரத்தையும் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் குறிக்க ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் மட்டும் கூடுதலாக 38 மணி நேரம் ஆகியிருந்தது. சம்பளச் சீட்டிலோ ஓவர்டைம் 11 மணி! கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களிலும் அது இருக்கிறது.

"கேட்டா மூஞ்சியைச் சுளிப்பாங்க" என்று தயங்கினார். பிறகு காலண்டரையே சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மூன்று மாத பாக்கி வந்தது. பின்னாலேயே 'சூப்பர்வைசர்' பதவியும், மாதம் 2,500 ரூபாய் கூடுதலாகத் தருவதாகப் பேச்சும் வந்தது. என் மாமியார் பாயசமே வைத்துவிட்டார்கள்! நான் மட்டும் கணக்கு நோட்டை எடுத்தேன். மேற்பார்வை உத்தியோகம் என்றாகிவிட்டால் அந்த மில்லில் ஓவர்டைம் கிடையாது. மணிக்கு 115 ரூபாய், இரட்டிப்பு 230. 38 மணிக்கு 8,740 ரூபாய். அதை விட்டுவிட்டு 2,500-ஐ வாங்குவதா? "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பதவியை விட்டோமே என்று மாமியாருக்கு இன்னும் வருத்தம்தான்.

அவருடைய மனக்குறை பணம் மட்டுமில்லை. "நானூறு ரூபா பேரிங் கேட்டா பத்து நாள் இழுக்கறாங்க. பழசையே தட்டிக்கொட்டி மாட்டச் சொன்னா, அது வேலையா?" என்பார். வேண்டிய சாமான் கையில் இருந்து, நின்ற மெஷின் திரும்ப ஓடிய அன்று பாருங்கள், வாசலிலேயே முகம் தெரியும். காப்பிகூடக் கேட்க மாட்டார்.

இந்த வேலைக்காரர்களின் வீட்டுப் பெண்களுக்குச் சில விஷயம். கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் கழுவ விடாதீர்கள், தோல் வெடித்துப் புண்ணாகும். தேங்காயெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு சோப்புப் போட்டால் போதும். மில் துணியைக் குழந்தைத் துணியோடு ஊறவைக்க வேண்டாம். மெஷினில் கை வைக்குமுன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொள்கிறாரா என்று கேளுங்கள். காதுக்குப் பஞ்சு போதாது. அடைப்பான் தனியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் டி.வி. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போகிறோம். அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.