பிடி கொடுக்காமல் ஆட முடியாது!

எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்குப் போயிருக்கிறீர்களா குட்டீஸ்? வடசென்னையின் வடக்குக் கோடியில், கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது அந்த மீனவர் ஊர். எண்ணூர்க் கழிமுகத்தில் வலையே இல்லாமல், வெறும் கையால் இறால் பிடிப்பவர்கள் உண்டு. தண்ணீர் கலங்கலாக இருக்கும். அடியில் என்ன கிடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். விரலில் ஏதோ தட்டும். அது இறாலா, நண்டா, கல்லா என்று விரலே சொல்லிவிடும். நண்டு என்றால் சட்டென்று கையை எடுக்க வேண்டும். இறால் என்றால் அமுக்க வேண்டும். அதுவும் அளவாக! லேசாகப் பிடித்தால் துள்ளி ஓடிவிடும்; நசுக்கினால் விலை போகாது.

கண் பார்க்காததைக் கை பார்க்கிறது இல்லையா? இதே மாதிரி கையை நம்பி ஒருவர் பாரிஸ் நகரத்தில் பதக்கம் வாங்கினார். அவர் மீன் பிடிப்பவர் அல்ல, ஜூடோ வீரர். அவர் கதைக்குப் போவதற்கு முன், ஜூடோவில் 'பிடி' என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பவர் சிறுவயதில் ஒல்லியாக, குள்ளமாக இருந்தார். முரட்டுப் பையன்கள் அவரைச் சீண்டுவார்கள். அதனால் ஜுஜுட்சு என்ற பழைய மல்யுத்தக் கலையைக் கற்றுக்கொண்டார். அதில் இருந்த ஆபத்தான அடிகளை விலக்கி, 1882-ல் புதிய விளையாட்டாக மாற்றினார். அதுதான் ஜூடோ. 'மென்மையான வழி' என்று அர்த்தம். டோக்கியோவில் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய் விரித்த சின்ன இடத்தில், 9 மாணவர்களோடு அவர் பள்ளி தொடங்கியது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ நுழைந்தது.

குத்துவது, உதைப்பது எல்லாம் ஜூடோவில் கிடையாது. எதிராளியின் தடிமனான பருத்திச் சட்டையைப் பிடித்து, அவர் நிலை தடுமாறும் நொடியில் தூக்கிப் போட வேண்டும். முதுகு படும்படி வேகமாக, பலமாகப் போட்டால் 'இப்போன்'. அத்தோடு ஆட்டம் முடிந்தது!

டி.வி.யில் நாம் பார்த்து வாய் பிளப்பது அந்தத் தூக்கிப் போடும் காட்சியைத்தான். ஆனால், அதற்கு முன்னால் இரண்டு பேரும் பூனைகள் மாதிரி கையைத் தட்டிவிட்டுக் கொண்டிருப்பார்களே, கவனித்திருக்கிறீர்களா? "என்னடா இது, சீக்கிரம் சண்டை போடுங்கப்பா" என்று நமக்குத் தோன்றும். உண்மையில் சண்டையே அதுதான். யாருக்கு நல்ல பிடி முதலில் கிடைக்கிறதோ, அவர் கைக்குப் பாதி ஆட்டம் வந்துவிடும். இந்தப் பிடிக்கு ஜப்பானிய மொழியில் 'குமிகதா' என்று பெயர்.

வலது கைப் பழக்கம் உள்ளவர் வலது கையால் எதிராளியின் சட்டைக் கழுத்துப் பட்டையைப் பிடிப்பார். இடது கையால் அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில் சட்டைக் கையைப் பிடிப்பார். கழுத்துப் பட்டையில் இருக்கும் கை தூக்கும். சட்டைக் கையில் இருக்கும் கை இழுக்கும். ஒரு பக்கம் தூக்கி, ஒரு பக்கம் இழுத்தால் எப்படிப்பட்ட ஆளுக்கும் பாதம் தரையில் சரியாகப் படியாது. தண்ணீர்க் குடத்தைச் சாய்க்கிற மாதிரிதான்.

இடது கைப் பழக்கம் உள்ள குட்டீஸ்களுக்கு ஒரு நல்ல செய்தி. ஜூடோவில் உங்களைக் கண்டால் கொஞ்சம் பயப்படுவார்கள்! பயிற்சியில் பெரும்பாலும் வலது கைக்காரர்களையே சந்தித்துப் பழகியவருக்கு, இடது கைக்காரர் எதிரே நின்றால் கண்ணாடியைப் பார்ப்பது மாதிரி எல்லாம் தலைகீழாகத் தெரியும். இருவர் கையும் ஒரே இடத்தில் மோதும். ஜப்பானியர்கள் இந்த நிலைக்கு வைத்த பெயரிலேயே 'சண்டை' என்ற சொல் இருக்கிறது.

விரலிலும் சூட்சுமம் உண்டு. ஐந்து விரலாலும் இறுக்கிப் பிடிப்பதுதான் பலம் என்று நினைப்போம். பயிற்சியாளர்கள் அப்படிச் சொல்வதில்லை. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் இறுக்கமாக. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் லேசாக! அப்போதுதான் மணிக்கட்டு விறைக்காது. தூண்டில் போடுகிறவர் தங்கூஸை எப்படிப் பிடிக்கிறார்? மீன் கடித்தால் விரலுக்குத் தெரிகிற மாதிரி லேசாகத்தானே. கையைக் கட்டை மாதிரி விறைத்துக்கொண்டால் எதிராளி எந்தப் பக்கம் நகரப் போகிறார் என்பது நமக்குத் தெரியாது. நாம் எந்தப் பக்கம் நகரப் போகிறோம் என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்துவிடும்.

நடுவர் விட மாட்டார்!

"அவர் பிடி கொடுக்காமல் பேசுகிறார்" என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஜூடோவில் பிடி கொடுக்காமல் ஆட முடியாது. பிடிக்கவே விடாமல் நழுவிக்கொண்டே இருந்தால் 'ஷிடோ' என்று நடுவர் எச்சரிக்கை கொடுப்பார். மூன்று ஷிடோ வாங்கினால் தோல்வி! எதிராளியின் சட்டைக் கை நுனிக்குள் விரலை விட்டுப் பிடித்தாலும் ஷிடோதான். கபடியில் கணுக்கால் பிடி போட்டால் கைதட்டல் கிடைக்கும். சர்வதேச ஜூடோவில் 2013 முதல் நின்றுகொண்டு ஆடும்போது காலைக் கையால் பிடிக்கக் கூடாது.

சிலர் புத்திசாலித்தனமாக இறுக்கமான சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். போட்டிக்கு முன் ஓர் அளவுகோலை வைத்து, சட்டைக் கை போதுமான அகலம் இருக்கிறதா என்று அளந்து பார்ப்பார்கள். பிடிக்கத் துணி இல்லாத சட்டைக்கு அனுமதி இல்லை.

33 நொடி

இப்போது அந்தப் பாரிஸ் வீரரிடம் வருவோம். பெயர் கபில் பர்மார். மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது வயலில் தண்ணீர் பம்ப்பைத் தொட்டார், மின்சாரம் தாக்கியது. ஆறு மாதம் நினைவில்லாமல் கிடந்தார். பிழைத்து எழுந்தார். ஆனால், நாளடைவில் பார்வை போய்விட்டது. அண்ணன் தம்பியோடு சேர்ந்து டீக்கடை நடத்திக்கொண்டே ஜூடோ பயின்றார்.

பார்வையற்றவர்களுக்கான ஜூடோவில் விதிகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே ஒரு பெரிய வித்தியாசம்: பூனை மாதிரி கை தட்டும் சண்டை அங்கே கிடையாது. இருவரையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் நடுவர் "ஹஜிமே" (தொடங்கு) என்பார். இடையில் பிடி முழுதாக விட்டுப்போனால் ஆட்டத்தை நிறுத்தி, மறுபடியும் பிடிக்க வைத்துத் தொடங்குவார்கள்.

அப்படியானால் பிடிக்கும் வேலை சுலபமாகிவிட்டதா? இல்லை, கஷ்டம் கூடிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எதிராளியின் தோள் எங்கே திரும்புகிறது, எந்தக் காலில் எடை போகிறது, மூச்சை எப்போது இழுக்கிறார்... எல்லாவற்றையும் அந்த இரண்டு கைப்பிடித் துணி வழியாகத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

2024 செப்டம்பர் 5. நம் பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். பாரிஸ் பாராலிம்பிக்கில் 60 கிலோ எடைப் பிரிவில் கபில் அரையிறுதி ஆடினார். ஈரான் வீரரிடம் 0-10 என்று தோற்றார். மனசு உடைந்து உட்கார நேரம் இல்லை. அன்றைக்கே வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். எதிரே பிரேசில் வீரர் எலியெல்டன் டி ஒலிவேரா. பிடித்தார்கள். "ஹஜிமே!" 33 நொடி. 10-0. பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது!

நீங்களும் கொஞ்சம் செய்து பாருங்களேன். யாரையும் தூக்கிப் போட வேண்டாம். அதற்குப் பயிற்சியாளரும் மெத்தையும் வேண்டும். நம் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் ஜூடோவும் உண்டு, உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள். இப்போதைக்கு இது போதும்: உங்கள் உயரமுள்ள நண்பரும் நீங்களும் எதிரெதிரே நின்று, ஒருவர் சட்டைக் கையை ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். நண்பர் மெதுவாக ஒரு காலை மட்டும் தூக்கட்டும். வலதா, இடதா என்று உங்கள் விரலைக் கேட்டுச் சொல்லுங்கள். பத்து முறைக்கு எத்தனை சரி என்று எண்ணிக்கொண்டு, பிறகு அவர் முறை.

பழைய சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்கூல் யூனிபாரம் கிழிந்தால், வீட்டில் அம்மா போடும் பிடியிலிருந்து தப்பிக்க எந்த ஜூடோவும் உதவாது!