உங்களுக்குத் தெரியுமா? – விளக்கையும் திறப்பார்கள், காரையும் திறப்பார்கள்!

● ஆங்கிலம் படிக்கும் சீன மாணவருக்கு ஆரம்பத்திலேயே அறிமுகமாகிவிடும் சொல் 'ஓப்பன்'. சீனத்தில் அதற்கு 'கை' என்று அகராதி போட்டிருக்கும். (நம் கையேதான், 'க'வில் கொஞ்சம் மூச்சைக் கலந்து, குரலை இறக்காமல் சொல்ல வேண்டும்.) வம்பு அங்கேதான் ஆரம்பம். "ஓப்பன் த டோர்" சரி. "ஓப்பன் த லைட்", "ஓப்பன் த டிவி" என்று எழுதினால் ஆசிரியரின் சிவப்பு மை பாயும். சீனத்தில் விளக்கு, டிவி, ஏசி எல்லாமே 'கை'தான்; ஆங்கிலத்தில் அதற்கு 'டர்ன் ஆன்'. டிவியை 'ஓப்பன்' செய்கிறேன் என்றால், ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து பின்மூடியைக் கழற்றுகிறீர்கள் என்றுதான் ஆங்கிலேயர் நினைப்பார்.

● சிங்கப்பூரில் "ஓப்பன் த லைட்" சர்வசாதாரணமாகக் காதில் விழும். அங்கே பேசப்படும் ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழியிலும் விளக்கைத் 'திறப்பது'தான் வழக்கம். மலாய்க்காரர்களும் 'புக்கா லாம்பு' என்று அதையே சொல்கிறார்கள். லைட்டைப் 'போடு'கிற நாம் சிரிப்பதற்கில்லை.

● கார் ஓட்டுவதும் 'கை'. கூட்டம் நடத்துவது, டாக்டர் மருந்து எழுதித் தருவது, பூ பூப்பது, விடுமுறை முடிந்து பள்ளி தொடங்குவது எல்லாம் அதே. 'கை ஷுவெய்' என்றால் கொதித்த தண்ணீர். சீன ரயில் நிலையங்களில் இந்தப் பெயர் எழுதிய வெந்நீர்க் குழாய்முன் நூடுல்ஸ் கப்போடு ஆட்கள் நிற்பார்கள். மனசு திறந்தால் 'கை ஷின்', அதாவது சந்தோஷம். கத்தி திறந்தால்? 'கை தாவ்': ஆபரேஷன்!

● 'கை'யைக் குறிக்கும் சீன எழுத்தின் பழைய வடிவத்தில் இரட்டைக் கதவு, நடுவில் தாழ்ப்பாள், அதை நீக்கும் இரண்டு கைகள். 1950களில் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது கதவையே கழற்றிவிட்டார்கள். ஹாங்காங்கிலும் தைவானிலும் கதவு இன்னும் பத்திரம்.

● மூடிய கடையில் 'க்ளோஸ்டு' என்று பலகை தொங்கும். அப்படியானால் திறந்த கடை 'ஓப்பன்டு'தானே? நியாயமான கணக்கு, ஆனால் தப்பு. கடை வெறும் 'ஓப்பன்'. காலத்துக்கேற்ப வினைச்சொல்லை மாற்றிப் பழக்கமே இல்லாத சீன மாணவர், அரும்பாடுபட்டு 'டு' என்ற வால் ஒட்டக் கற்றுக்கொண்ட பிறகு, இந்த இடத்தில் ஒட்டாதே என்கிறார்கள்! இதில் குற்றவாளி ஆங்கிலம்தான் என்பது என் தீர்ப்பு.

● 1978 டிசம்பரில் சீனா பொருளாதாரக் கதவைத் திறக்க முடிவெடுத்தது. அந்தக் கொள்கையின் பெயரில் வரும் சொல் 'கைஃபாங்'. இதையே ஓர் ஆளைப் பற்றிச் சொன்னால், ஆண்-பெண் பழக்கத்தில் கட்டுப்பெட்டித்தனம் இல்லாதவர் என்ற அர்த்தமும் தொனிக்கலாம். ஆங்கிலத்தில் 'ஓப்பன்' ஆன மனிதர், ஒளிவுமறைவில்லாமல் பேசுபவர், அவ்வளவுதான். சீனத் தோழியை அப்படிப் பாராட்ட நினைத்தால், எந்த 'ஓப்பன்' என்று கூடவே சொல்லிவிடுவது நல்லது.