ஜீன்சுக்குத் தோள்வார் தகுமா?

பருத்தி ஏற்றி இறக்கிய துறையாதலின் பருத்தித்துறை எனும் பெயர் வந்தது என்பர். அத்தகைய ஊரிலே பருத்தியுடை ஒன்றைப் பற்றிச் சிறிது ஆராய்வது பொருத்தமேயாகும். நல்லூர்த் திருவிழாக் காலத்திலே கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் நம் உறவினர் வந்திறங்குவர். அவர்களுள் நடுவயது கடந்தார் ஓரிருவர், டெனிம் ஜீன்சுக்கு மேல் இரு வார்களைத் தோளில் மாட்டியவாறு கடைத்தெருவிலே தட்டைவடை வாங்க நிற்பதுண்டு. காணும் இளைஞர், “மாமாவுக்கு இடுப்புப்பட்டி கிடைக்கவில்லைப் போலும்” என்று தமக்குள் நகைப்பர். நகைப்பதற்கு இதில் என்ன இருக்கின்றது?

உண்மையைச் சொல்லப்போனால், ஜீன்ஸ் பிறந்ததே தோள்வாருடன்தான். அமெரிக்காவின் ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ் என்பார், உழைப்பாளர் காற்சட்டைகளின் பைகள் கிழியாதிருக்கச் செப்பு ஆணி அறைந்து கொடுத்தார். அவரும் சான் பிரான்சிஸ்கோ வணிகர் லீவை ஸ்ட்ராஸும் கூடி 1873 மே 20ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றனர். அந்நாளைய ஜீன்சின் இடுப்பைச் சுற்றித் தோள்வார் மாட்டுதற்கான பொத்தான்களே இருந்தன. பட்டி கோக்கும் வளையங்கள் இருந்தில. வளையங்கள் வந்தது 1922இல். தோள்வார்ப் பொத்தான்கள் எடுபட்டது 1937இல். ஆகவே, இரண்டும் ஒவ்வா என்போர் வரலாற்றைத் தலைகீழாகப் படித்தவராவர்.

பின் ஏன் தோள்வார் மறைந்தது? மேனாட்டார் அதனை உள்ளுடைபோலக் கருதி வெயிஸ்கோட்டுக்குள் மறைத்தே அணிந்தனர். முதல் உலகப் போரின் பின் வெயிஸ்கோட்டு அருகிற்று. காற்சட்டையும் இடுப்பிலிருந்து கீழிறங்கிற்று. சீருடையிலே பட்டி கட்டிப் பழகிய வாலிபர் பட்டியையே விரும்பினர். தோள்வார் கிழவர்க்குரிய பொருளாயிற்று.

நிற்க. கிழவர்க்கு அது ஏன் நன்று என்பதை நம் வீட்டுப் பெரியவர்களை நோக்கினாலே அறியலாம். வயிறு முன்தள்ளிய ஒருவருக்கு இடுப்பின் சுற்றளவு கீழேயுள்ள இடுப்பெலும்பின் அளவை மிஞ்சிவிடும். பட்டியை எவ்வளவு இறுக்கினும் அது வயிற்றுக்குக் கீழே வழுகுமேயன்றி நில்லாது. இறுக்கத்தால் உண்டது மேலெழுந்து நெஞ்செரிவு காணும். டெனிமோ கனத்த துணி. வியர்வையில் நனைந்தால் மேலும் கனக்கும். தோள்வார் அந்தப் பாரத்தைத் தோளுக்கு மாற்றிவிடுகின்றது. வயிறு விடுதலை பெறுகின்றது. ஐம்பது வயதுத் தந்தை நாளெல்லாம் காற்சட்டையைப் பிடித்திழுத்துக்கொண்டு திரிவதிலும், இரு வார்களை மாட்டி நிமிர்ந்து நடப்பது எத்துணையோ மேல் அன்றோ? அவரைப் பார்த்து நகைக்கும் மகனுக்கு அந்த இடர் இன்னும் தெரியாது, அவ்வளவே.

ஆயினும், இலண்டனில் நெடுங்காலம் வாழ்ந்த தமிழர் சிலர் ஜீன்சையும் தோள்வாரையும் ஒருங்கே கண்டால் முகஞ்சுளிப்பர். அதற்குக் காரணம் அழகுணர்ச்சியன்று. 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்திலே ‘ஸ்கின்ஹெட்’ எனப்பட்ட மொட்டைத்தலை வாலிபர் கூட்டம் தோன்றிற்று. மேலே சுருட்டிய ஜீன்ஸ், தோள்வார், கனத்த சப்பாத்து என்பனவே அவர்தம் கோலம். தொடக்கத்தில் அவர்கள் யமேக்காத் தீவின் இசையை விரும்பிக் கேட்டவர்கள்; எல்லாரும் நிறவெறியர் அல்லர். எனினும், அவர்களுட் பலர் தென்னாசியரைத் தெருவிலே துரத்தி அடித்தனர். 1981 யூலை 3ஆம் நாள், இந்தியர் செறிந்து வாழும் சவுத்ஹாலில் ஒரு மதுச்சாலை இசைநிகழ்ச்சிக்கு இக்கோலத்தார் திரண்டு வந்தபோது கலகம் மூண்டது, மதுச்சாலை தீக்கிரையாயிற்று. இரண்டாண்டின் பின், 1983இன் கொடுமையால் நாட்டைவிட்டு அந்நகருக்கு ஓடிய நம்மவரும், மாலைவேளையில் அக்கோலத்தைக் கண்டால் தெருவின் மறுபுறம் மாறி நடந்த காலம் உண்டு. ஆதலின், இலண்டன் பெரியப்பா, “இதைக் கழற்று தம்பி” என்று கூறுவாராயின் அவரைப் பழமைவாதி என எண்ணற்க. ஏன் என்று கேளுங்கள். கேட்கவேண்டிய கதை அவரிடம் இருக்கும்.

இன்று அந்தக் கோலத்தின் அச்சம் பெரும்பாலும் தேய்ந்துவிட்டது. நம்மூரில் அஃது ஒருபோதும் இருந்ததில்லை. எனவே எமது கருத்து இது: வயிறு பருத்தவரும் முதியோரும் தயங்காது அணியலாம். மெலிந்த வாலிபர்க்கு அது தேவையன்று. படம் பிடிப்பதற்காக மாட்டுவதாயின் மாட்டட்டும், யார் தடுப்பார்? இயந்திரங்களுக்கு அருகே வேலை செய்வோர் மட்டும் தவிர்த்தல் வேண்டும். தொங்கும் வார் சுழலும் சில்லில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

அணியும் முறையிலும் கவனம் வேண்டும். பட்டியும் தோள்வாரும் ஒருங்கே கூடாது. ஒரு வேலைக்கு இருவர் எதற்கு? இடுப்பெலும்புக்குக் கீழே தொங்கும் இறுகிய ஜீன்சில் தோள்வார் பொருந்தாது. இடுப்பு உயர்ந்ததும் சற்றுத் தளர்ந்ததுமே ஏற்றது. கௌவும் உலோகப் பிடிகள் தடித்த டெனிமிலிருந்து நழுவும். தையற்காரரிடம் கொடுத்து முன்னே நான்கும் பின்னே இரண்டுமாக ஆறு தெறிகள் தைப்பித்துக்கொள்வதே நன்று. அடிக்கடி மலசலகூடம் செல்லவேண்டிய நீரிழிவு நோயாளர், அவசரத்தில் வாரைக் கழற்றி மாட்டும் தொல்லையையும் எண்ணிப் பார்க்கவேண்டும். கோயிலுக்குப் புறப்படும்போது இக்கேள்வியே எழாது. மேற்சட்டை களைந்து உட்செல்லும் நம் சந்நிதிகளுக்கு வேட்டியே போதும்.