பெயர் ஒட்டாத பாட்டிலை வீட்டுக்குள் விடாதீர்கள்

பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் என்று கூவிக்கொண்டு வருபவரிடம் வாங்குவது பல தெருக்களில் வழக்கம். விலை குறைவுதான். ஆனால் அந்த ஆசிட் பெரும்பாலும் பழைய தண்ணீர் பாட்டிலில் வருகிறது. என்ன மருந்து, எவ்வளவு வீரியம், யார் தயாரித்தது என்ற எந்த விவரமும் அதில் இருக்காது. தாகத்தோடு ஓடிவரும் பிள்ளைக்கு அதுவும் தண்ணீர் பாட்டில்தான். பெயர் ஒட்டாத பாட்டிலை வாங்கவும் வேண்டாம். வாங்கியதை வேறு பாட்டிலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம்.

கலந்தால் விஷம்

கறை போகவில்லை என்று ஆசிட் ஊற்றிய இடத்திலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவுகிறவர்கள் உண்டு. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிடக் கனமானது. தரையை ஒட்டியே தங்கும். குந்தி உட்கார்ந்து தேய்ப்பவரின் மூக்குக்கு நேராக அது வந்துவிடும். எலுமிச்சைச் சாறும் வினிகரும்கூட அமிலங்களே. அம்மோனியா உள்ள கண்ணாடி துடைப்பானோடு ப்ளீச் சேர்ந்தாலும் நச்சு வாயு உண்டாகும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டுக்கொண்டு கழுவுங்கள்.

அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றினால் அதன் வீரியம் அழுக்கோடு போய்விடும். முதலில் சோப்புத் தண்ணீரால் கழுவி, நன்றாக அலசிவிட்டு, பிறகு ப்ளீச்சைத் தடவிச் சில நிமிடம் ஊறவிட்டால்தான் கிருமி சாகும். மொசைக், மார்பிள் தரையில் ஆசிட் படக்கூடாது; கல்லையே அது அரித்துவிடும்.

சலவைக்கு அளவு முக்கியம்

தூளைக் கூடுதலாகப் போட்டால் துணி கூடுதலாக வெளுக்காது. அலசியும் போகாத தூள் துணியில் தங்கித் தோலில் அரிப்பு தரும். முன்பக்கம் திறக்கும் மெஷினுக்கு நுரை குறைந்த தூளே ஏற்றது. இரத்தக் கறையைப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை இறுகிவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் என்சைம் சேர்த்த தூள் ஆகாது.

விபத்து நேர்ந்தால்

ஆசிட்டையோ ப்ளீச்சையோ விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளிக்கரைசல் எதுவும் கொடுக்க வேண்டாம். உள்ளே போகும்போது புண்ணாக்கியது, வெளியே வரும்போது தொண்டையை மறுபடியும் புண்ணாக்கும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கண்ணில் பட்டால் 15 முதல் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். வாயுவை முகர்ந்துவிட்டால் முதலில் வெளியே வாருங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆம்புலன்சுக்கு 108. டெல்லி எய்ம்ஸில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117.

உங்கள் உரிமை

பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், நிகர அளவு, தயாரித்த மாதமும் ஆண்டும், அதிகபட்ச விலை, புகாருக்கான தொடர்பு விவரம் ஆகியவை இருந்தே ஆக வேண்டும். ஆசிட்டைச் சில்லறையில் வாங்குபவரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், 18 வயது நிறையாதவருக்கு விற்கக்கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

எச்சரிக்கையும் பயன்படுத்தும் முறையும் சரியாகக் குறிப்பிடாத பொருளால் தீங்கு நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தயாரிப்பாளரிடம் இழப்பீடு கேட்கலாம். தயாரிப்பாளர் யாரென்றே தெரியாவிட்டால் விற்றவர் பொறுப்பாவார். ஆனால் தெருவில் வாங்கியதற்குப் பில் ஏது? ஆகவே கடையில் பில்லோடு வாங்குங்கள். காலிப் பாட்டிலையும் மருத்துவச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுங்கள். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

இன்றே கழுவறை அலமாரியைத் திறந்து பாருங்கள். பெயர் இல்லாத பாட்டில் இருந்தால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் முதலில் அதை அப்புறப்படுத்துங்கள்.